‘வரலாறு காணாத’ என்று இன்னும் எத்தனை முறை எழுதுவோம்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேர மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் என்று பதிவானது. புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நெடுஞ்சாலையில், இந்த இரண்டு மழைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஊர் கிளியனூர். 50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 லட்சம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 170 வந்து ஒரே ஏக்கரில் இறக்கிவிட்டுப் போகிற தண்ணீர். நடவு முடிந்த வயலும், கூரை வீடும், மாட்டுக் கொட்டகையும் ஒரே இரவில் அதைத் தாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை ‘வரலாறு காணாத மழை’ என்றன. அன்றைக்கு அது அப்பட்டமான உண்மை. புதுச்சேரியில் அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபர் 31-ல் பெய்த 21 சென்டிமீட்டர். இது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் உண்மையாக இருந்த அந்த ஒரு நாளில் அந்தச் சொல் யார் காதிலும் ஏறவில்லை. பத்து சென்டிமீட்டர் மழைக்கும் அதையே சொல்லியிருந்தோம். வெயிலுக்கு வரலாறு காணாத வெயில், தக்காளிக்கு வரலாறு காணாத விலை, மாநாட்டுக்கு வரலாறு காணாத கூட்டம், படத்துக்கு வரலாறு காணாத வசூல். ஆண்டு முழுக்க இறைத்துவிட்டு, தேவைப்பட்ட இரவில் கையை விட்டுப் பார்த்தால் பை காலி.

புயலுக்கு முந்தைய வாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். புயலாக மாறுமா, தாழ்வு மண்டலமாகவே கரை ஏறுமா என்று வானிலைத் துறையின் கணிப்பு மாறி மாறி வந்தது. கடலில் சுற்றும் காற்றைக் கணிக்கிறவர்கள் அப்படி மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. தவறு கணிப்பைச் சுற்றி நாம் கட்டிய சொற்களில் இருந்தது. ‘மிரட்டும்’, ‘கதிகலங்க வைக்கும்’, ‘கோரத்தாண்டவம்’, ‘அடுத்த சில மணி நேரம் உஷார்’ என்று திரையின் அடியில் சிவப்புப் பட்டை நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. மழை வராத நாள்களில் சமூக ஊடகங்களில் கேலிப் படங்கள் பறந்தன. ‘எந்த மழைக்குத்தான் டிவில இப்படிச் சொல்லல?’ என்பது டீக்கடைப் பேச்சு. அந்தப் பேச்சை நான் குறை சொல்ல மாட்டேன். பல ஆண்டு அனுபவத்தில் ஊர் தானாகக் கற்றுக்கொண்ட தள்ளுபடிக் கணக்கு அது. செய்தி பத்து என்றால் இரண்டு என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். செய்தியும் உண்மையும் பத்தாகவே இருந்த அன்றும் இரண்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் தென்மாவட்ட ரயில்கள் நின்றன. அணைத் திறப்பு அறிவிப்பு மக்களுக்குப் போய்ச் சேர்ந்த விதம் தனியே விவாதிக்க வேண்டிய விஷயம். சொல் தேய்ந்துபோனதால் மட்டும் இவ்வளவு இழப்பு வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கை என்பது முழுக்க முழுக்கச் சொல்லின் மேல் நடக்கிற காரியம். நள்ளிரவில் ‘வீட்டைக் காலி பண்ணுங்க’ என்று ஒலிபெருக்கியில் ஒருவர் கத்தினால், கேட்பவர் பாயைச் சுருட்டுவதும் புரண்டு படுப்பதும் அந்தச் சொல்லை அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதைப் பொறுத்தது.

வானிலைத் துறை பயன்படுத்தும் மூன்று சொற்களை இங்கே கவனிக்க வேண்டும். கனமழை, மிக கனமழை, அதி கனமழை. கேட்பதற்கு மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிச் சொல்கிற மிகைச் சொற்கள்தான். ஆனால் மூன்றுக்கும் வேலி உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால்தான் அதி கனமழை. 200 மில்லிமீட்டர் பெய்த ஊருக்குப் பாவப்பட்டு ‘அதி’ போட்டுக் கொடுக்க அந்தத் துறையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ‘அதி’ என்ற அந்த ஒரு முன்னொட்டுக்குப் பின்னால் மழைமானியும், அதைத் தினமும் காலையில் போய்ப் பார்த்துக் குறித்துவைக்கிற ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

மிகைக்கு வேலி போடுவது வானிலைக்காரர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று யாராவது நினைத்தால், அவர் தமிழ் இலக்கணத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள். பள்ளிக்கூடத்தில் ‘உயர்வு நவிற்சி அணி’ என்று படித்தோமே, அதற்குத் தண்டியலங்காரம் வைத்த பெயர் அதிசய அணி. அதற்கான நூற்பாவின் கருத்து இது. மனம் பற்றிய ஒரு பொருளின் அழகை மகிழ்ந்து உயர்த்திச் சொல்லும்போது, அது உலகத்தின் வரம்பைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கற்றறிந்தவர்கள் வியக்கும்படியும் இருக்க வேண்டும். உயர்த்திச் சொல்ல அனுமதி கொடுக்கிற அதே வாயால் வரம்பையும் சொல்லிவிடுகிறது இலக்கணம். யார் வியக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. விவரம் தெரியாதவரை வாய்பிளக்க வைப்பது அதன் கணக்கில் வரவில்லை. ‘காந்தம்’ என்ற செய்யுள் குணத்தைப் பேசும் இடத்திலும் இதே கவலை. செய்யுள் நெறிகள் இரண்டில், புகழ்ச்சி உலக ஒழுக்கைக் கடக்காமல் இருப்பதே வைதருப்ப நெறி. கடந்தாலும் பரவாயில்லை என்பது கௌட நெறி. பல்லவர் காலக் காஞ்சியோடு சேர்த்துப் பேசப்படும் வடமொழித் தண்டியின் காவியாதர்சம் இந்த நூலுக்கு மூலம். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணி வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது உள்ளதை உள்ளபடி சொல்லும் தன்மை அணி. அதிசயம் அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது.

இது செய்யுளுக்கு. நூலுக்கு, அதாவது ஒரு பொருளை விளக்கிச் சொல்லும் எழுத்துக்கு, சட்டம் இன்னும் கறாரானது. நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்கிறது. தொடக்கத்திலேயே இரண்டு இரட்டையராக நிற்கின்றன: குன்றக் கூறல், மிகைபடக் கூறல். குறைத்துச் சொன்னாலும் குற்றம், கூட்டிச் சொன்னாலும் குற்றம், இரண்டுக்கும் ஒரே தண்டனை. தொல்காப்பிய மரபியலும் இந்த இரண்டையும் குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆக, ஒரே செயலுக்கு ஓரிடத்தில் அணி என்று பெயர், இன்னோரிடத்தில் குற்றம் என்று பெயர். அது நல்லதா கெட்டதா என்பதை அது இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். மிகை தன் இடத்தில் இருக்கும்வரை அது நம் மொழியின் செல்வம். செய்தியின் இடத்திலும் எச்சரிக்கையின் இடத்திலும் விலைப்பட்டியலின் இடத்திலும் வந்து உட்கார்ந்தால் மக்களைக் கொல்லும்.

இந்த இட வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். தலைப்பகுதியில் அரசனின் மெய்க்கீர்த்தி இருக்கும். நிலமகளும் திருமகளும் மனைவியராக வருவார்கள். வென்ற நாடுகள் அடுக்கடுக்காக வரும். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் கொண்ட பழந்தீவுகளின் எண்ணிக்கையைப் பன்னீராயிரம் என்கிறது. அவை மாலத்தீவுகள் என்பது அறிஞர் கருத்து. இன்றைக்கு மாலத்தீவில் எண்ணப்படும் தீவுகள் சுமார் 1,200. பத்து மடங்கு ஏற்றம்! ஆனால் மெய்க்கீர்த்தி முடிந்து, ஆட்சியாண்டு சொல்லி, கொடை விவரம் தொடங்கியதும் அதே கல்லில் அதே உளியின் குரல் மாறிவிடும். எல்லை எதுவரை, வாய்க்கால் எது, நிலம் எத்தனை வேலி, எத்தனை மா, எத்தனை முந்திரி, விளக்குக்கு ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, யார் கையெழுத்து. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதையும் கீழ்முந்திரி என்று உடைத்து அளந்தார்கள். கடலுக்கு அப்பால் பத்து மடங்கு ஏற்றிச் சொன்னவர்கள் ஊர் எல்லைக்குள் ஒரு கீழ்முந்திரியைக்கூட ஏற்றிச் சொல்லவில்லை. படித்தவர்களுக்கும் படிக்கக் கேட்டவர்களுக்கும் எந்த வரியில் புகழ் முடிகிறது, எந்த வரியில் கணக்கு தொடங்குகிறது என்று தெரிந்திருந்தது.

விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே எட்டாயிரம். எட்டாயிரம் சமணர் என்பாரும் உண்டு, எட்டாயிரம் அந்தணர் என்பாரும் உண்டு. வழிவழிக் கதைகள் பல. அந்த ஊரில்தான் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்லூரிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் மாணவர் எத்தனை பேர்? 340. தொடக்க நிலையில் 270, உயர்நிலையில் 70. உயர்நிலை 70 பேரில் இலக்கணம் படித்தவர் 25, பிரபாகர மீமாம்சை படித்தவர் 35, வேதாந்தம் படித்தவர் 10. தொடக்க நிலையில் ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர் என்று பிரிவு பிரிவாகக் கணக்கு. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு நெல் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பெயரிலேயே எட்டாயிரம் ஒட்டிக்கொண்ட ஊரின் கல்லில் 340 என்று நின்றுகொண்டிருக்கும் எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அந்த எழுத்தர் மேல் பெரிய மரியாதை வருகிறது. ‘ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள்’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனால் பந்தியில் இலை போடும்போது நெல் பற்றாமல் போயிருக்கும்.

புகழ்ச்சியே தொழிலாக இருந்த சங்கப் புலவர்களிடமும் இந்த வரம்பு இருந்தது. பெருமை இல்லாத மன்னரை, அவர் செய்யாததையெல்லாம் செய்ததாகச் சொல்லிப் புகழ எங்கள் நாக்குக்குத் தெரியாது என்று வன்பரணர் நள்ளியிடம் சொல்கிறார். கபிலரோ பாரியை எல்லோரும் ஒருவன் என்று கொண்டாடுகிறார்களே, உலகைக் காக்க மழையும் இருக்கிறதே என்று கேட்கிறார். கேள்வி போல இருந்தாலும் அது பாரிக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு. மழைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்; மழையை விடப் பெரியவன் என்று ஒரு படி தாண்டவில்லை. கிளியனூரே தேவாரத் தலப் பெயராகக் கிளியன்னவூர் என்றுதான் வழங்குகிறது. அகத்தீசுவரர் கோயில் கொண்ட இந்த ஊருக்குரிய சம்பந்தர் பதிகம் பின்னாளில் கிடைத்தது. ‘அன்ன’ என்பது ‘போன்ற’ என்று பொருள் தரும் உவம உருபு. போன்ற என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும் அடக்கம் பழந்தமிழில் ஊர்ப் பெயரில்கூட ஒலிக்கிறது.

தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாமா என்ற கேள்விக்கும் நன்னூலில் விதி இருக்கிறது. நான்கே நான்கு சமயங்களில் மட்டும் புலவன் தன்னைப் புகழலாம்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு இதை அப்படியே சொல்லிக் கொடுக்கலாம். தேவையான இடத்தில் தன் திறமையைச் சொல்லத் தயங்கக் கூடாது. மற்ற இடத்தில் அதற்கு வேலை இல்லை.

படிப்பறிவோடு நில்லாமல் கூத்துக் களத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் வட்டாரம் தெருக்கூத்தின் தாய்மண். திரைக்குப் பின்னால் சலங்கை குலுங்கும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், முகவீணை கிளம்பும். திரை விலகியதும் ராஜா சுற்றிச் சுற்றி ஆடித் தன் பேரையும் பெருமையையும் சொல்லத் தொடங்குவார். ஐம்பத்தாறு தேசமும் தன் காலடியில் என்பார். அவருக்குப் பக்கத்திலேயே கட்டியங்காரன் நிற்பான். ராஜாவின் வருகையை அறிவிக்கிறவனும் அவன்தான், ராஜா அளக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்கிறவனும் அவன்தான். ஐம்பத்தாறு தேசத்தையும் எண்ணிப் பார்த்தீங்களா, இந்த ஊர் ஏரியைத் தூர் வாரினது எந்த தேசத்துக் காசு என்கிற தோரணையில் அவன் கேட்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ராஜாவும் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த பாட்டுக்குப் போவார். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த மக்கள், மிகையையும் அதைச் சரிபார்க்கிற குரலையும் ஒரே மேடையில் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள்.

தேசிங்கு ராஜன் கதையும் அப்படித்தான் இந்த மண்ணில் நிலைத்தது. செஞ்சியின் தேஜ்சிங், ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சில நூறு குதிரை வீரர்களோடு போய் 1714 அக்டோபரில் மாண்டான், வயது 22. ஆண்டது ஓர் ஆண்டு கூட இல்லை. கதைப்பாடலில் அவன் குதிரை வானத்தில் தாவும், டெல்லி பாதுஷாவே அஞ்சுவார். அவனை விட நீண்ட காலம் செஞ்சியை ஆண்ட எத்தனையோ பேரை ஊர் மறந்துவிட்டது. பாட்டு அவனை மட்டும் முந்நூறு ஆண்டுகளாகத் தூக்கி வைத்திருக்கிறது. மிகை செய்த நல்ல காரியம் இது. இழந்தவனின் மேல் கொண்ட பாசத்துக்கு அளவு சொல்ல முடியாதபோது மொழி உயரே போகிறது. ஒப்பாரியில் செத்தவர் ராஜாவாவதும், தாலாட்டில் குழந்தைக்குத் தங்கத் தொட்டில் கட்டுவதும் இந்த வகைதான். அந்தத் தாயிடம் போய்த் தங்கத் தொட்டிலுக்கு ரசீது கேட்கிறவன் மனிதனல்ல. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கும்வரை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகட்டும்.

ஒப்பந்தத்தை மீறுகிறவர்களுக்கென்று ஊர் தனிச் சொற்களே வைத்திருந்தது. அளக்கிறான், கயிறு திரிக்கிறான், சரடு விடுகிறான், பீலா விடுகிறான், ரீல் சுத்துகிறான், உதார் விடுகிறான், புருடா, உடான்ஸ், கப்சா. சின்னதைப் பெரிதாக்கினால் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறான். நடக்காததற்குக் கண், காது, மூக்கு வைக்கிறான். இத்தனை சொற்களும் கண்டிக்கிற சொற்கள். ஊர்த் திண்ணையில் ஒருவன் வாயைத் திறந்து நாலு வாக்கியம் ஏற்றிச் சொன்னால், ஐந்தாவது வாக்கியத்துக்குள் ‘அளக்காதடா’ என்று ஒரு பெரியவர் நிறுத்திவிடுவார். இப்போது அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ‘பில்டப்’ மட்டும் மெல்ல மெல்லப் பாராட்டாக மாறிக்கொண்டிருப்பதைக் கவனிக்கிறேன். ‘என்னமா பில்டப் குடுத்திருக்காங்க’ என்று ரசிக்கிறார்கள். திரைப்படத்துக்கு அது சரி. தேர்தல் அறிக்கைக்கும், மருத்துவமனை விளம்பரத்துக்கும், பயிற்சி மையத்தின் தேர்ச்சிக் கணக்குக்கும் அதே ரசனை போய்ச் சேர்வதுதான் ஆபத்து.

திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் இதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் மனைப் பிரிவு விளம்பரங்கள். கல் நட்டு, கொடி கட்டி, வரவேற்பு வளைவு வைத்த வயல்கள். ‘புதுச்சேரிக்கு மிக அருகில்’, ‘பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிடங்களில்’, ‘போட்ட பணம் இரட்டிப்பாகும்’. மிக கனமழைக்கு 115.6 மில்லிமீட்டர் என்று வேலி இருக்கிறது. ‘மிக அருகில்’ என்பதற்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாடு போட்டு, கையெழுத்து வாங்குகிறார்கள். மாதத் தவணையில் பணம் கட்டுகிறவர்கள் கட்டடத் தொழிலாளிகள், தையல்காரர்கள், வெளிநாட்டில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர். மனை விளம்பரத்தில் சொன்னது பொய்யாகிப் போனால் இழப்பீடு தர வேண்டும். வாங்கியவர் விலகிக்கொள்ள விரும்பினால் வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவை அறிந்தவர் அந்த வேனில் எத்தனை பேர்?

மிகை எங்கே வாக்குறுதியாக மாறுகிறது என்று 1892-லேயே லண்டன் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. தங்கள் மருந்துப் புகைக் குப்பியைப் பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருவோம் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் செய்தது. பயன்படுத்திய ஒரு பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது; வழக்குப் போட்டார். ‘அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது’ என்றது நிறுவனம். வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருப்பதாக நீங்களே விளம்பரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் அது சும்மா சொன்னது ஆகாது என்று நீதிபதிகள் அந்தப் பெண்மணி பக்கம் தீர்ப்பளித்தார்கள். தொகையைக் குறிப்பிட்டு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு புகழ்ச்சி மொழிக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

பட்டங்களின் கதைக்கு வருகிறேன். கிளியனூருக்கு அருகே இருக்கும் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். நாடு விடுதலை பெற்ற நாளில் இங்கே ஆட்சித் தலைவர் அவர்தான். ஆலய நுழைவு, தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன்தாரி ஒழிப்பு ஆகிய சட்டங்கள் அவர் காலத்தில் வந்தவை. இவ்வளவு செய்தவருக்கு மக்கள் கொடுத்த பட்டம் என்ன? ஓமந்தூரார். அவ்வளவுதான், அந்த ஊர்க்காரர். சென்னையில் அவர் பெயரால் அரசினர் தோட்டமும் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கேயும் அதே பெயர்தான். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இன்று ஒரு காதுகுத்துக்கோ கட்சிக் கிளைச் செயலாளர் பிறந்தநாளுக்கோ வைக்கும் பேனர், சரித்திரமே, சகாப்தமே, எட்டாவது அதிசயமே என்று எழுதாமல் அச்சகத்திலிருந்து வெளியே வருவதில்லை.

பேனரின் மிகை எழுத்தோடு நிற்பதில்லை. அதைத் தாங்கச் சவுக்குக் கம்பு வேண்டும், நடுச்சாலையில் பள்ளம் தோண்ட வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் கட்டியிருந்த திருமண வாழ்த்துப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் லாரியில் சிக்கி இறந்தார். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்திலேயே திருமண விழா ஒன்றுக்குச் சாலையோரம் கொடிக்கம்பம் நட்ட பள்ளிச் சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். உயர்நீதிமன்றம் எத்தனையோ முறை கண்டித்துவிட்டது. ஒரு திருமணத்தைத் திருமணம் என்று சொல்ல நமக்குப் போதவில்லை. அதை மாநாடாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஆசைக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள்.

தமிழின் தொன்மையைப் பேசும்போதும் இதே நோய் நம்மைப் பிடிக்கிறது என்பதுதான் எனக்கு ஆகப் பெரிய வருத்தம். கீழடியின் மாதிரிகளைக் கரிமப் பகுப்பாய்வு செய்து, அதன் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. சங்க காலத்தைப் பின்னோக்கித் தள்ளிய, ஆய்வகத்தில் நின்ற எண் அது. மண்ணில் மண்டியிட்டு, தூரிகையால் பானை ஓட்டைத் துடைத்தவர்களின் உழைப்பு அது. அதை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போகிறவர் இருபதாயிரம் ஆண்டு என்கிறார், அடுத்தவர் ஐம்பதாயிரம் என்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேலை சுலபமாகிவிடுகிறது; ஐம்பதாயிரத்தைத் தட்டிவிட்டு, அதோடு சேர்த்து 2,600 ஆண்டையும் குப்பையில் போட்டுவிடுகிறார். மிகைப்படுத்துகிறவர்கள் தமிழுக்குச் செய்கிற கெடுதலை அதன் எதிரிகள்கூடச் செய்ய முடியாது.

உண்மைக்கு உயரம் போதாது என்ற பயம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கிளியனூர் வட்டாரத்துத் திருவக்கரைக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பயம் விலகும். வக்கிராசுரனைத் திருமால் வதம் செய்தபோது சிதறிய எலும்புகள் என்று ஊர் வழிவழியாகச் சொல்லிவந்த கற்கள் அங்கே செம்மண் மேட்டில் கிடக்கின்றன. 1781-ல் பிரெஞ்சு இயற்கையாளர் சொனேரா அவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கிறது. அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வோர் அணுவுக்கும் பதிலாகச் சிலிகா ஏறிக் கல்லான அடிமரங்கள். குனிந்து பார்த்தால் ஆண்டு வளையமும் கணுவும் அப்படியே தெரிகின்றன. தட்டினால் கல்லின் ஓசை. அசுரன் கதை ஓர் அற்புதம்தான். ஆனால் 2 கோடி ஆண்டு என்ற கணக்கு அதைவிடப் பெரிய அற்புதம்; அதில் யாரும் ஒன்றும் கூட்டவில்லை.

ஆகவே செய்தி அறைகளில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ‘வரலாறு காணாத’ என்று எழுதும் முன், அந்த வரலாற்றில் முந்தைய உச்சம் எது, எந்தத் தேதி, எவ்வளவு என்று அதே வாக்கியத்தில் எழுத முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். சென்டிமீட்டர் கணக்கோடு, அந்த மழைக்கு எந்த ஏரி நிரம்பும், எந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்று ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள். ‘புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல், இதற்கு முன் 21’ என்ற ஒரு வரிக்கு எந்தப் பின்னணி இசையும் வேண்டாம். ஊராட்சிகளும் ஒரு காரியம் செய்யலாம்: 2024 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பள்ளிச் சுவரிலும் பால்வாடிச் சுவரிலும் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதி வைக்கட்டும். அடுத்த முறை ‘போன தடவை கோட்டுக்கு மேல ஏறும்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கோடு போட ஒரு டப்பா பெயின்ட்டும், தண்ணீர் நின்ற உயரத்தை நினைவில் வைத்திருக்கும் ஊர்க்காரர் இரண்டு பேரும் இருந்தால் ஒரு நாள் வேலை.